கிளிநொச்சியில் சத்துமா செய்கிறோம். சில்வண்டை வளர்த்து அரைத்துக் கலந்தால் புரதம் கூடிய மா என்று விற்கலாமா?

நானும் சத்துமாத் தொழில்தான், விசுவமடுப் பக்கம். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் என்பதால் இந்தப் பூச்சி விசயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருக்கிறேன். வறுத்து அரைத்துக் கொட்டுவதுதான் உங்கள் திட்டம் என்றால் வேண்டாம் என்பேன்.

புரதம் கூடும் என்பது உண்மை. காய்ந்த சில்வண்டின் (ஆங்கிலத்தில் cricket) எடையில் பாதிக்கு மேல் புரதம். அரிசியிலும் சோளத்திலும் குறைவாக இருக்கிற லைசின் பூச்சியில் தாராளம். ஆனால் பூச்சிமாப் பையில் அச்சடித்திருக்கிற புரதக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆய்வுகூடத்தில் நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவதுதான் வழக்கம். பூச்சி ஓட்டிலுள்ள கைற்றினிலும் நைதரசன் உண்டு, அதுவும் புரதமென்று கணக்கில் ஏறிவிடும். சாப்பிட வளர்க்கும் இன்னொரு பூச்சியான மஞ்சள் மாப்புழுவுக்கு 4.76ஆல் பெருக்குவதே சரி என்று 2017இல் வந்த ஆய்வொன்று சொன்னது. அப்படிப் பார்த்தால் 60 சதவீதம் என்று எழுதியது 46க்கு இறங்கும்.

இனி வேலை. வளர்த்தெடுத்த பூச்சியை ஒருநாள் பட்டினி போட வேண்டும், குடல் வெறுமையாக. பிறகு கொதிநீரில் சில நிமிடம். இந்த இடத்தைத் தவறவிட்டால் நொதியங்கள் வேலை செய்து மா கறுத்துப்போகும். கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும், வித்து நிலையில் இருக்கும் பக்ரீரியாவை அல்ல. ஆகவே உடனே உலர்த்த வேண்டும். கருவாடு போல வெயிலில் பரப்பலாம் என்று நினைப்பீர்கள். மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்தில் துணியே காயாது, இது எப்படிக் காயும்? சூட்டடுப்புத்தான் வேண்டும், சூடும் அளவாக இருக்க வேண்டும். மிஞ்சினால் புரதம் தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும், கஞ்சியில் மணல் மாதிரி அடியில் நிற்கும். ஈரத்தோடு காற்றுப்புகாமல் அடைப்பது அதைவிட ஆபத்து. கென்யாவில் ஈசல் தின்றவர்களுக்குப் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதல் வந்ததை 1980இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

உலர்ந்ததை அப்படியே அரைத்தால் கொழுப்பு விடாது. மா கட்டிபடும், கொஞ்ச நாளில் சிக்கு மணம் வரும். எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகுதான் அது மா மாதிரி நடந்துகொள்ளும். பெரிய ஆலைகள் இன்னும் ஒரு படி போகின்றன. காரம் சேர்த்த நீரில் புரதத்தைக் கரைத்து, ஓட்டை வடித்துவிட்டு, அமிலம் விட்டுத் திரள வைக்கிறார்கள். பாலில் தேசிக்காய் பிழிந்தால் திரைகிறதே, அதுதான் சங்கதி. சோயாப் புரதமும் இப்படித்தான் பிரிக்கப்படுகிறது. நொதியம் போட்டுப் புரதத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் நன்றாகக் கரையும், ஆனால் சில வேளை கசக்கும். சந்தையில் 'மேம்படுத்தியது' என்று விலை ஏறுவது இந்த வேலைக்குத்தான், பூச்சிக்கல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 தொடக்கத்தில் அனுமதித்த சில்வண்டுத் தூளும் கொழுப்பில் ஒரு பகுதியை நீக்கியதே. தாய்லாந்தில் சுமார் 20,000 சில்வண்டுப் பண்ணைகள் இருப்பதாக 2013இல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. அங்கே பெரும்பாலும் கோழித்தீன்தான் போடுகிறார்கள். கோழித்தீன் விற்கிற விலை உங்களுக்கும் தெரியும்.

நான் வாங்கிய அடி வேறு. மாதிரிக்குக் கொஞ்சம் அரைத்துத் தரச் சொல்லி ஊர் மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்லுக்கார ஐயா பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இதை இஞ்ச அரைக்கேலாது. பின்னால கந்தசட்டி விரதக்காறரின்ர மா வரும்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். ஆசாரத்தை விட்டுப் பார்த்தாலும் நியாயம்தான், ஏனென்றால் இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் துரோப்போமயோசின் என்ற புரதம் சில்வண்டிலும் உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நந்திக்கடல் இறால் தின்று உடம்பு தடிக்கும் ஆட்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த மில்லில் அடுத்து அரைபடும் மிளகாய்த்தூள் யார் வீட்டுக்குப் போகுமென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்கள் யோசனைக்குக் கிட்ட வருவது கென்யாவில் நடந்த ஒரு முயற்சி. தானியத்தோடு ஈசலும் சிறுமீனும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கஞ்சிமா செய்து பரிசோதித்தார்கள். அதில் நான் பிடித்துக்கொண்டது சிறுமீனைத்தான். எங்களிடம் நெத்தலி உண்டு, பயறும் உளுந்தும் கௌபியும் தோட்டத்திலேயே விளைகிறது. லைசினுக்குப் பயறே போதும், வாங்குகிற அம்மாக்கள் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

வயலில் வலைபோட்டு வெட்டுக்கிளி பிடித்து அரைக்கலாமே என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். மருந்தடித்த நெல்வயலில் பிடித்ததைக் கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

வளர்த்தே பார்க்க ஆசை என்றால் கருஞ்சிப்பாய் ஈயின் (ஆங்கிலத்தில் black soldier fly) புழுவை, தவிட்டிலும் மரக்கறிக் கழிவிலும் வளர்த்துக் கோழிக்குப் போடுங்கள். ஐரோப்பாவிலும் 2021இல் கோழித்தீனுக்குப் பூச்சிப் புரதத்தை விட்டிருக்கிறார்கள். கறையானைக் கொத்திக் குஞ்சுக்குப் போட்டு வளர்த்த சனம் நாங்கள், இதற்கு ஒருவரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். இல்லை, மனிதருக்குத்தான் செய்வேன் என்றால் தனி மெசின், தனி வாளி, தனி அறை. பையில் 'சில்வண்டு சேர்ந்தது, இறால் ஒவ்வாதவர் தவிர்க்கவும்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) மெசின் வாங்க முதலே கதையுங்கள்.