மகள் வேலையை விட நினைக்கும்போது

அன்புள்ள ஐயா,

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துக் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் சேர்ந்த உங்கள் மகள், இரண்டு வருடம் நிறையுமுன்பே வேலையை விட்டு ஆரையம்பதிக்கு வரப்போவதாகச் சொல்வதையும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை" என்று நீங்கள் வருந்துவதையும் வாசித்தேன். அதே கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விடயங்களே என்னைக் கவலைப்படுத்துகின்றன. அவர் இரவு விழித்திருந்து எழுதிய நிரலை மறுநாள் கூட்டத்தில் வேறொருவர் தன்னுடையதாகக் காட்டியிருக்கிறார். கூடச் சேர்ந்த ஆண்கள் வாடிக்கையாளருடன் பேசும் பொறுப்புக்கு உயர்ந்துவிட, இவர் மட்டும் பிழை சோதிக்கும் வேலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறார். இதைப் பொறுமைக் குறைவு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அமெரிக்காவில் தொழில்நுட்ப வேலையைத் தாமாகவே விட்ட 2000 பேருக்கு மேற்பட்டோரிடம் விசாரித்து, தொழில்நுட்பத் துறையில் சமவாய்ப்புக்காக இயங்கும் அமைப்பான கபோர் நிலையம் (Kapor Center) 2017 இல் வெளியிட்ட ஆய்வில், 37 சதவீதமானோர் நியாயமற்ற நடத்தையே தாம் விலக முக்கிய காரணம் என்றனர். அது வேறு நாட்டுக் கணக்குத்தான். ஆனாலும் என்னிடம் வரும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் சொல்கிறார்கள்.

நம் பகுதிப் பெற்றோர் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அரச உத்தியோகம். அங்கே சம்பள ஏற்றம் சுற்றறிக்கையில் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். தனியார் மென்பொருள் நிறுவனத்தில் பக்கத்து மேசைக்காரரின் சம்பளம்கூடத் தெரியாது; பதவி உயர்வு பெரும்பாலும் ஒரு மேலாளரின் மதிப்பீட்டில் தங்கியிருக்கிறது. ஆகவே அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் காலம் தானாக உயர்த்திவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அதற்காக நாளைக்கே இராஜினாமாக் கடிதம் கொடுக்கச் சொல்லவில்லை. தான் செய்த வேலைகளைத் திகதியுடன் குறித்து, பதவி உயர்வு எந்த அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்கட்டும். பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த வேலையின் நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, முன்னறிவித்தல் காலத்தை ஒழுங்காக முடித்து விலகட்டும். குறித்த காலம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

பணம் போய்விடும் என்ற உங்கள் பயத்துக்கு முழு ஆதாரமில்லை. வேலையிலிருந்து விலகும்போது சேவைக்காலத்துக்காக நிறுவனம் தரும் பணிக்கொடைக்கு 5 வருட சேவை வேண்டும் என்பதால் அது இப்போது கிடைக்காது. ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் கட்டிய 8 சதவீதமும் நிறுவனம் கட்டவேண்டிய 12 சதவீதமும் வேலை மாறினாலும் அவர் பெயரிலேயே இருக்கும். சம்பளச் சீட்டில் கழித்த தொகை நிதிக்கு உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று விலகுமுன் சரிபார்க்கச் சொல்லுங்கள். சேரவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதன் அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது.