சுவிட்ச்யார்டு வேலைக்கு மகளை அனுப்பலாமா? சேலத்துத் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, உங்கள் மகள் டிப்ளமோ இ.இ.இ. முடித்துவிட்டு மேட்டூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர ஆசைப்படுகிறாள், அங்கே 110 கே.வி. (கிலோவோல்ட், அதாவது 1,10,000 வோல்ட்) சுவிட்ச்யார்டு, அதாவது உயர் அழுத்த மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் திறந்தவெளி முற்றம், இருப்பதால் மனம் ஒப்பவில்லை என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் வீட்டுக் கரண்டை வைத்து இதை அளக்காதீர்கள். வீட்டில் கம்பியைத் தொட்டால்தான் ஷாக். உயர் அழுத்தத்தில் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். அதனால் அங்கே முதல் பாடமே தூரம்தான்.

திறந்தவெளி யார்டில் வேலை செய்பவருக்கும் மின்னோட்டமுள்ள கம்பிக்கும் நடுவே 11 கே.வி.க்கு 2.6 மீட்டர், 33க்கு 2.8, 110க்கு மூன்றரை மீட்டர் அளவில், 230க்கு 4.3, 400க்கு 6.4 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கே.வி.க்கே இவ்வளவா என்று தோன்றும். ஆள் நின்று கையைத் தூக்கினால் எட்டக்கூடியது என்று 2.5 மீட்டரை எடுத்துக்கொண்டு, அதன்மேல் மின்சாரம் தாண்டிப் பாயாமலிருக்கத் தேவையான காற்று இடைவெளியைக் கூட்டினால் வருவது இந்த 2.6. அந்தக் காற்று இடைவெளியை முடிவு செய்வது சர்ஜ், அதாவது கண நேரத்தில் திடீரென ஏறும் மின்னழுத்தம். 11 கே.வி. சாதனத்தை 75 கே.வி. இம்பல்ஸ் (இடி போன்ற செயற்கை அலை) கொடுத்தும், 33 கே.வி. சாதனத்தை 170 கொடுத்தும் சோதிப்பார்கள். சித்திரை மாதத்தில் சேர்வராயன் மலைமேல் இடி இறங்கினால் லைனில் வருவது அந்த மாதிரி அலைதான். "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்று பத்து சென்டிமீட்டர் உள்ளே போகிறவர் அந்த அலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

தூரத்தை உடம்பிலிருந்து அளந்தால் போதாது, கையில் இருப்பதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும். யார்டுக்குள் ஏணியைப் படுக்கை வசமாக இரண்டு பேர் தூக்கிப் போக வேண்டும், ஒருவர் நிமிர்த்திக்கொண்டு நடக்கக் கூடாது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க அலுமினிய ஏணியைச் சாய்ப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தூரத்துக்கு உள்ளே போய் வேலை செய்ய வேண்டுமானால் வரிசை மாறக் கூடாது. முதலில் லைன் கிளியரை, அதாவது லைனில் வேலை செய்வதற்கான அனுமதியை, எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) ஆஃப். ஐசொலேட்டர் (லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துவைக்கும் சுவிட்ச்) பிளேடு மூன்று பேஸிலும், அதாவது மூன்று மின்கம்பிகளிலும், திறந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பேனல் (கட்டுப்பாட்டுப் பெட்டி) விளக்கை நம்பக் கூடாது. பிறகு யாரும் திரும்பப் போடாதபடி அதற்குப் பூட்டு, எச்சரிக்கை அட்டை (டேக்). மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் வோல்டேஜ் டிடெக்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் கம்பியில் வைத்து, மறுபடியும் முதல் இடத்தில் சோதிக்க வேண்டும். அதன் பிறகு எர்த் ராட் (கம்பியை நிலத்தோடு இணைக்கும் கோல்): முதலில் எர்த் பக்கக் கிளாம்ப், பிறகுதான் கம்பி. கழற்றும்போது நேர்மாறு. இதை மாற்றினால் கம்பியில் மிச்சமிருப்பது கையிலிருக்கும் ஒயர் வழியாக ஆளுக்கு வரும். ஜெனரேட்டர் பேக்ஃபீட் (ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும் மின்சாரம்), கெபாசிட்டர் பேங்கில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சாதனத் தொகுதியில்) தங்கிய சார்ஜ், பக்கத்து லைனின் இண்டக்ஷன் (தொடாமலே தூண்டப்படும் மின்சாரம்) மூன்றுமே ஆஃப் செய்த கம்பியில் கரண்ட் வைக்கும். பெரும்பாலும் ஆள் தவறுவது வேலை நடக்கும் பிரிவில் (bay) அல்ல, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துப் பிரிவில்.

உள்ளறை பேனலில் விதி வேறு. முன்னால் குறைந்தது ஒரு மீட்டர் காலியிடம் வேண்டும். பின்னால் திறந்த இணைப்புகள் இருந்தால் இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் கீழே அல்லது 75 சென்டிமீட்டருக்கு மேலே. ஒன்று ஆளே நுழைய முடியாது, இல்லை தாராளமாக நுழைந்து வெளியேறலாம். நடுவில் இருந்தால் மாட்டிக்கொள்வார். பிரேக்கரை உள்ளே தள்ளும்போது கதவு மூடியிருக்க வேண்டும். பாலியெஸ்டர் உடை ஆர்க் (மின்பொறி) வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டும், அதனால் அந்த உடை வேண்டாம், துப்பட்டா, வளையல், செயின் எதுவும் வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன்னால் அவளே நேரில் போய்க் கேட்கட்டும்: லைன் கிளியர் எழுதும் பெர்மிட் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது யார், எர்த் ராட் எத்தனை செட் இருக்கிறது, ரப்பர் கையுறையைக் கடைசியாக எப்போது டெஸ்ட் செய்தார்கள். கையெழுத்தில்லாமல் வாய் வார்த்தையில் லைன் கிளியர் கொடுக்கிற இடம் என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். கண் பரிசோதனையில் நிறப் பார்வையையும் பார்த்துவிடுங்கள், சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் பேஸ்களைப் பிரிக்கிறார்கள். அனுபவம் சேர்ந்ததும் தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்கு அவள் விண்ணப்பிக்கலாம், அதற்கு வேண்டிய அனுபவக் கடிதத்தை நிறுவனத்திடம் அந்தந்த ஆண்டே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.