ஓகினாவாவுக்குக் குழந்தைகளோடு மாற்றலா? கேளுங்கள், சொல்கிறேன்

என் கணவர் 'மாவ்னி' திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 2009 முதல் 2016 வரை ஆள் எடுத்த அந்தத் திட்டத்தில் கிரீன் கார்டு இல்லாதவர்களும் மொழித் தகுதியை வைத்துச் சேரலாம். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவருக்குப் பின்னாளில் ஜப்பானின் ஓகினாவா தீவில் மூன்று வருடப் பணி வந்தது. போகும்போது மகனுக்கு மூன்று வயது, மகள் கைக்குழந்தை. வேலை யோமிதான் ஊரில் உள்ள டோரி ஸ்டேஷன் என்ற ராணுவத் தளத்தில், வீடு அதே ஊரில், தளத்து வேலிக்கு வெளியே. அங்கே போகப்போகிற சிலரும் அவர்கள் வீட்டார் சிலரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டெக்சாஸிலிருந்து ஒரு தாய்: அக்கா, மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. எதிலிருந்து தொடங்குவது?

மருத்துவச் சோதனையிலிருந்து. கைக்குழந்தை உட்பட வீட்டில் எல்லோரையும் பரிசோதித்து, தேவையான சிகிச்சை தீவில் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஆஸ்துமாவோ பேச்சுப் பயிற்சியோ இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்துப் போய், அங்கே சிகிச்சை இல்லாமல் தவிப்பது குழந்தைதான். அந்த அனுமதி கைக்கு வரும்வரை வீட்டை விற்காதீர்கள், வேலையை விடாதீர்கள்.

காரைக் கப்பலில் ஏற்ற முடியாது. அங்கேயே பழைய கார் வாங்கிக்கொள்ளலாம். சியாட்டிலில் இருந்து ராணுவம் அமர்த்திய விமானம், ஜப்பானின் வேறு தளங்களில் நின்று நின்று ஓகினாவாவின் கடேனா விமானத் தளத்துக்குப் போகும். நீண்ட பயணம். பிள்ளைகளுக்கு மாற்றுடை இரண்டு செட் கைப்பையில் இருக்கட்டும்.

அதே தாய்: பீரோ, சோபா எல்லாம் எடுத்துப் போகலாமா?

தோல் சோபா வேண்டாம். பூஞ்சை பிடிக்கும். மே இரண்டாம் வாரம் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரம் வரை அங்கே மழைக்காலம். ஈரம் உறிஞ்சும் மெஷினின் தொட்டியை ஒரே நாளில் இரண்டு முறை கொட்டியிருக்கிறேன். என் கூறைப்புடவையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஆகஸ்டில் திறந்தேன். ஜரிகை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இன்றும் அந்தக் கறை போகவில்லை. பட்டு எதுவானாலும் அம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வர்ஜீனியாவிலிருந்து ஒருவர்: சகோதரி, புயல் எவ்வளவு மோசம்? எனக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டு வயது.

நம் ஊர்த் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு எண் ஏற ஏற ஆபத்து. அங்கே ராணுவம் சொல்லும் 'டிகோர்' எண் இறங்க இறங்க ஆபத்து. முதலில் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 50 நாட் காற்று, அதாவது மணிக்கு 93 கிலோமீட்டர் வேகம், 72 மணி நேரத்துக்குள் வரலாம் என்றால் 4. 48 மணி நேரம் என்றால் 3, 24 என்றால் 2, 12 என்றால் 1. ஜூன் முதல் நவம்பர் வரை எப்போதும் 4தான், அதற்குப் பதற வேண்டாம். 3 வந்ததும் பால், டயப்பர், தண்ணீர் வாங்கிவிடுங்கள். 2 வரை காத்திருந்தால் கமிசரி என்ற தளத்து மளிகைக் கடையின் அலமாரியில் ரொட்டி இருக்காது. பால்கனியில் இருக்கும் மூன்று சக்கர சைக்கிள், பூந்தொட்டி எல்லாம் உள்ளே வரவேண்டும். '1 எமர்ஜென்சி' அறிவித்துவிட்டால் வாசல் தாண்டக்கூடாது.

வீடுகள் கான்கிரீட். கூரை பறக்காது, அந்தப் பயம் வேண்டாம். படுத்துவது அடைபட்டுக் கிடப்பதுதான். 2023 ஆகஸ்டில் கானூன் புயல் தீவைக் கடந்து போய், மறுபடி திரும்பி வந்தது. தீவில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. பிள்ளைகள் வியர்வையில் நனைந்து அழ, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து இரவைக் கழித்தேன். காற்று தணிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, ஒரு பாத்திரம் நிறைய வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொடுத்தார். அவர் வீட்டிலும் மின்சாரம் இல்லை, ஆனால் எரிவாயு சிலிண்டர் அடுப்பு இருந்தது. அன்றே நானும் ஒரு சிறிய கேஸ் அடுப்பு வாங்க முடிவு செய்தேன். நீங்களும் போன முதல் மாதமே வாங்கிவிடுங்கள். பேட்டரி விசிறி இரண்டு, பிள்ளைக்கு ஒன்று வீதம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி: மகளே, என் பேரன் அங்கே என்னத்தைச் சாப்பிடுவான்? மீனும் பன்றியும்தான் என்கிறார்களே.

கவலைப்படாதீர்கள் அம்மா. அந்த ஊர்க்காரர்கள் வாரத்துக்கு எத்தனை முறை பாகற்காய் சமைக்கிறார்கள் என்று பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். 'கோயா' என்பார்கள். முட்டை, டோஃபு போட்டுப் பிரட்டுவார்கள். பீர்க்கங்காய்க்கு 'நாபேரா' என்று பெயர். பப்பாளிக்காயைச் சீவி வதக்குவார்கள். வெண்டைக்காய், பூசணி, மஞ்சள் எல்லாம் அந்த மண்ணிலேயே விளைகின்றன. உழவர் சந்தைக்குப் போனால் பாதி பாளையங்கோட்டை மார்க்கெட்தான். குழம்பு வைத்துவிடலாம். அரிசி மட்டும் குழைவாக இருக்கும், தயிர்சாதத்துக்கு அது ரொம்பப் பொருத்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மாகாணத்தின் மலர் 'தெய்கோ'. நம் கல்யாண முருங்கைதான் அது. இலையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆச்சி அந்த இலையை அரைத்துத்தான் எங்களுக்குச் சளிக்கு அடை தட்டிக் கொடுப்பாள். மரத்தடியில் நின்று அழுதேன்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தாய்: கடலில் பிள்ளைகளை விடலாமா?

விடலாம், வலை கட்டிய கடற்கரையில் மட்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெட்டி வடிவ ஜெல்லிமீன் வரும். 'ஹாபு குராகே' என்பார்கள். கரையிலேயே வினிகர் புட்டி வைத்திருப்பார்கள். கொட்டினால் தேய்க்காமல், நிறைய வினிகர் ஊற்றி, ஒட்டிய நூல்களை எடுத்துவிட்டு, ஐஸ் வைத்து, மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆனால் நீலக் குமிழி போல் மிதக்கும் இன்னொன்று உண்டு, அதற்கு வினிகர் கூடாது.

அதைவிட எனக்குப் பயம் கூம்புச் சங்குதான். அழகான கோடும் புள்ளியுமாக இருக்கும், பிள்ளை உடனே கையில் எடுக்கும். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி பாயும், ஆளையே கொல்லக்கூடியது. "சங்கு தொடாதே, அம்மாவைக் கூப்பிடு" என்பதை மகனுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தேன். துருப்பிடித்த இரும்பு எதைப் பார்த்தாலும் அதே விதி. 1945இல் தீவில் நடந்த அமெரிக்க-ஜப்பான் போரில் வெடிக்காமல் போன குண்டுகள் இன்னும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன.

நார்த் கரோலினாவிலிருந்து ஒரு தந்தை: தளத்து வாசலில் நம் படைகளை எதிர்த்துப் போராட்டம் நடக்கிறதாமே. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், வயதுக்கேற்ற அளவில். அதற்கு முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் நிலப்பரப்பில் ஓகினாவா 0.6 சதவீதம். அமெரிக்கப் படைகளுக்கு மட்டுமென ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கே. 1945 போரில் தீவு மக்களில் நான்கில் ஒருவர் இறந்தார் என்பார்கள். 1959இல் அமெரிக்கப் போர் விமானம் ஒன்று மியாமோரி தொடக்கப்பள்ளி மீது விழுந்து 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2017 டிசம்பரில் நம் ஃபுதென்மா தளத்தை ஒட்டிய பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டரின் ஜன்னல் விழுந்தது. பிள்ளைகள் அப்போது மைதானத்தில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய் இடத்தில் நான் இருந்தால் நானும் பதாகை பிடிப்பேன். என் கணவரின் சீருடைக்கு நான் கொடுக்கும் மரியாதை இதனால் ஒரு துளியும் குறையவில்லை.

மகனிடம் நான் சொன்னது இது: "இது அவர்கள் வீடு. விமானச் சத்தம் அவர்கள் பாப்பாவை எழுப்பிவிடுகிறது. அதனால் வருத்தமாக இருக்கிறார்கள். நாம் விருந்தாளிகள்." அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜூன் 23 அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவு நாள். தீவின் தெற்கே மபுனியில் கற்சுவர்கள் இருக்கின்றன. ஓகினாவாக்காரர், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் என்று 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்களை ஒரே இடத்தில் பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். என் மகன் அங்கே ஒரு பாட்டி ஒரு பெயரின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்ததைப் பார்த்துவிட்டு, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அவரிடம் நீட்டினான். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு தாய்: கார் ஓட்டுவது?

நம் ஊர் போல இடப்பக்கம்தான். 1978 ஜூலை 30 வரை அங்கே வலப்பக்கம் ஓட்டினார்கள், ஒரே நாளில் மாற்றினார்கள். சாலையில் பவளச் சுண்ணாம்புக்கல் கலந்திருப்பதால் மழை தூறினாலே வழுக்கும். ஆறு வயதுக்குள் குழந்தை இருக்கை கட்டாயம். நம் கார் எண்பலகையில் 'ஒய்' இருக்கும். யார் கார் என்று ஊருக்கே தெரியும், பொறுமையாக ஓட்டுங்கள்.

அதே தாய்: கணவர் மாதக்கணக்கில் வெளியே போய்விடுவாராம். தனியாகச் சமாளிக்க முடியுமா அக்கா?

முடியும், ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தால் முடியாது. ஆர்டர் வந்த அன்றே தளத்தின் குழந்தைகள் காப்பகத்தில் பெயர் பதிந்துவிடுங்கள், காத்திருப்போர் வரிசை நீளம். அதற்குள் பூங்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உருளைகள் பதித்த நீளமான சறுக்குமரங்கள் ஊருக்கு ஊர் உண்டு, காசு கிடையாது. அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் பின்புறம் கன்றிவிடும். மாலையில் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் என்று அர்த்தம். கணவர் இல்லாத ஐந்து மாதமும் அந்த மெட்டுக்குத்தான் நாங்கள் கிளம்பி வந்து குளித்து, சாப்பிட்டு, அப்பாவுக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்பினோம். அவர் பார்க்க மூன்று நாள்கூட ஆகும். பரவாயில்லை, அனுப்புங்கள்.

மீண்டும் திருநெல்வேலிப் பாட்டி: நான் எந்த மாதம் வரலாம்? என்ன கொண்டு வர?

பிப்ரவரி தொடக்கத்தில் வாருங்கள் அம்மா. ஜப்பானிலேயே முதலில் செர்ரி பூப்பது அங்கேதான். நகிஜின் கோட்டைச் சுவர் ஓரமெல்லாம் அடர் ரோஜா நிறத்தில் இருக்கும். 17 டிகிரி, காற்று அடிக்கும், ஸ்வெட்டர் ஒன்று போதும். பருப்புப்பொடி, வற்றல், வடகம் கொண்டு வாருங்கள். கறிவேப்பிலைக் கொத்து, விதை, கன்று எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் தாவரச் சோதனை கடுமை. பாகற்காயைக் கெடுத்த ஒரு பழ ஈயை ஒழிக்கவே அவர்கள் 1993 வரை பாடுபட்டிருக்கிறார்கள்.