மச்சான் சொல்லும் பட்டமும் கார்டுக் கடனும்

கேள்வி: வயது 41. சிங்கப்பூரின் துவாஸில் கிடங்கு மேற்பார்வையாளர். சம்பளம் 3,800 வெள்ளி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தோடு படிப்பை நிறுத்தியவன். பட்டம் இல்லாமல் மேனேஜர் ஆக முடியாது, தனியார் கல்லூரியில் சேர் என்று மச்சான் நெருக்குகிறார். கட்டணம் 24,000, வங்கி 4 விழுக்காட்டில் ஐந்து வருடக் கடன் தருகிறது. யூடியூப் போதும் என்கிறார் நண்பர். இதுவரை நான்கு இணையப் பயிற்சிகளுக்கு கிரெடிட் கார்டில் கட்டி, 9,000 பாக்கி. மாதம் 300 கட்டுகிறேன். அடுத்து ஒரு ஏஐ பயிற்சி பார்த்திருக்கிறேன். பட்டமா, சொந்தமாகக் கற்பதா? சரக்குக் கணக்கெடுப்புக்கு நானே எக்செலில் போட்ட தாளை இப்போது மூன்று ஷிஃப்டும் பயன்படுத்துகிறது. – ஈசூன் வாசகர்

பதில்: நான்கு பயிற்சிகளில் எதை முடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. படிப்பு உங்களைக் கெடுக்கவில்லை. மனம் கலங்கும்போதெல்லாம் கார்டை நீட்டி ஒரு பயிற்சி வாங்கும் பழக்கம்தான் கெடுக்கிறது.

கார்டு வட்டி இங்கே ஆண்டுக்கு 27 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 9,000க்கு மாத வட்டியே ஏறத்தாழ 200. நீங்கள் கட்டும் 300இல் அசலுக்குப் போவது 100தான். இப்படியே போனால் அடைக்க நாலு வருடத்துக்கு மேல் ஆகும். 600 கட்டினால் ஒன்றரை வருடம், கொஞ்சம் கூட.

வங்கி சொல்லும் 4 விழுக்காடு, அசல் குறைந்தாலும் முதல் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டி. ஐந்து வருடத்தில் 4,800. உண்மை வட்டி ஏழரையை நெருங்கும். மாதத் தவணை 480. மத்திய சேமநிதிப் பிடித்தம் போக உங்கள் கைக்கு வருவது 3,040. அதில் 480 கட்டத் துணிந்தவர், கார்டுக்கு இன்னொரு 300 தாராளமாகப் போடலாம்.

ஆறு வாரத்தில் ஏஐ நிபுணர் ஆக்குகிறோம் என்ற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பட்டம் வீண் என்று சொல்லமாட்டேன். தாதிமை, ஆசிரியர் வேலை, மின்பணி போன்றவற்றில் உரிய சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். உங்கள் கிடங்கில் எப்படி? மச்சானைக் கேட்காமல், மனிதவளப் பிரிவில் கேளுங்கள்: மேனேஜர் பதவிக்குப் பட்டம் கட்டாயமா? சரக்குக் கணக்கெடுப்புக்கு நீங்களே எக்செலில் போட்ட தாளை இப்போது மூன்று ஷிஃப்டும் பயன்படுத்துவதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். யாரும் சொல்லித்தராமல் கற்றது அது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுக்குப் போங்கள்.

ஏதாவது ஒரு சான்றிதழ் கட்டாயம் என்றால், நீங்கள் குடிமகனாக இருந்தால், 2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குப் பயிற்சிக்காக அரசாங்கம் கொடுக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பாருங்கள். அது காலாவதியாகாது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பகுதிநேரப் படிப்புகள் பலவற்றுக்கும் செல்லும். உங்கள் வயதினருக்குப் பல பயிற்சிகளில் 90 விழுக்காடு வரை மானியமும் உண்டு. ஒரு பாடத்தில் தொடங்குங்கள். அதை முடித்த பிறகு அடுத்தது.

கல்லூரியில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடாதீர்கள். மச்சான் கேட்டால், கார்டுக் கடன் அடையட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லுங்கள். இன்றிரவே அந்தப் பயிற்சித் தளங்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள்.