பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிவிடி டிரைவ் மாட்டியதும் இரண்டுமே காணாமல் போனது ஏன்?

கேட்டிருப்பது இதுதான்: எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டரில் சிடி ரைட்டர் ஒன்று இருந்தது. அதே கேபிளில் ஒரு டிவிடி ரைட்டரையும் மாட்டினேன். இப்போது மை கம்ப்யூட்டரில் இரண்டுமே இல்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து அழிக்காதீர்கள். ஆன் செய்ததும் விண்டோஸ் படம் வருவதற்கு முன்னால் கருப்புத் திரையில் எழுத்துகள் ஓடும் இல்லையா, அதை முதலில் பாருங்கள். சட்டென்று ஓடிவிட்டால் பாஸ் பட்டனைத் தட்டி நிறுத்தலாம், அல்லது பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போய்ப் பார்க்கலாம். பிரைமரி மாஸ்டர், பிரைமரி ஸ்லேவ், செகண்டரி மாஸ்டர், செகண்டரி ஸ்லேவ் என்று நான்கு வரிகள் இருக்கும். பிரைமரி, செகண்டரி என்பவை இரண்டு கேபிள்கள்; மாஸ்டர், ஸ்லேவ் என்பவை ஒரு கேபிளில் உள்ள முதல், இரண்டாவது டிரைவ்கள். டிரைவின் பெயர் அங்கேயே வரவில்லை என்றால் விண்டோஸை நூறு தடவை போட்டாலும் வராது. பழுது பெரும்பாலும் கேபிளிலோ, டிரைவின் பின்னால் உள்ள ஜம்பர் என்ற சின்னத் தொப்பியிலோ இருக்கும்.

பெரம்பூரில் பெரியப்பா வீட்டில் அச்சு அசலாக இதே கதை நடந்தது. 2004-இல் வாங்கிய பென்டியம் 4. அக்காவின் கல்யாண டிவிடிகளைப் பென் டிரைவுக்கு மாற்ற வேண்டும் என்று ரிச்சி தெருவில் ஒரு பழைய டிவிடி ரைட்டரை வாங்கி மாட்டியிருந்தார். இரண்டு டிரைவும் போயே போச்சு. சர்வீஸுக்கு வந்தவர் ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டார். அந்த ஹார்ட் டிஸ்கில் பத்து வருடப் போட்டோக்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு நகல் கிடையாது. "நீ ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுப்பா, அப்புறம் அழிச்சுக்கலாம்" என்று பெரியப்பா கூப்பிட்டார்.

பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். இரண்டு டிரைவையும் பின்பக்கம் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் அங்கேயே தெரிந்தது. பட்டைக் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று ஜோடி ஊசிகள் இருக்கும். மேலே சிஎஸ், எஸ்எல், எம்ஏ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கேபிள் செலக்ட், ஸ்லேவ், மாஸ்டர் என்று அர்த்தம். அதில் ஒரு ஜோடியின் மேல் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருக்கும், அதுதான் ஜம்பர். இரண்டு டிரைவிலும் அது எம்ஏ மேலேயே இருந்தது. ஒரே கேபிளில் இரண்டு பேரும் 'நான்தான் மாஸ்டர்' என்று ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மதர்போர்டுக்கு யாருடைய குரலும் புரியாது. பெரியம்மாவிடம் சாமணம் வாங்கி, சிடி ரைட்டரின் ஜம்பரை மெதுவாக உருவி எஸ்எல் மேல் அழுத்தினேன். பயாஸில் இரண்டு பெயரும் வந்துவிட்டன.

இரண்டையும் சிஎஸ்ஸில் வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். 80 இழைக் கேபிள் என்றால் சரி: நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கருப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. பழைய 40 இழைக் கேபிளில் சிஎஸ்ஸை நம்ப வேண்டாம். அப்புறம், கேபிள் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு பவர் செருகும் பக்கமாக இருக்கட்டும்.

பெரியப்பா வீட்டில் கதை அதோடு முடியவில்லை. பயாஸில் வந்த டிரைவுகள் விண்டோஸில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நின்றன. மாட்டியுள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கோட் 39 என்ற பிழை எண். ஜம்பரை மாற்றியும் உங்களுக்கு இப்படி வந்தால், எப்போதோ போட்டு எடுத்த சிடி எழுதும் மென்பொருளின் மிச்சம் காரணமாக இருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக இறங்குங்கள். 4டி36இ965 என்று தொடங்கும் கோப்புறையில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்று இரண்டு பெயர்கள் இருக்கும், சில சமயம் ஒன்று மட்டும் இருக்கும். முதலில் அந்தக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இங்கே அவசரம் கூடவே கூடாது. கொஞ்சம் கீழே 4டி36இ967 என்று தொடங்குவது ஹார்ட் டிஸ்குக்கு உரியது. அங்கே இதே பெயரை அழித்தால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம். நான் எண்ணை விரல் வைத்து இரண்டு முறை படித்த பிறகுதான் அழித்தேன்.

இரண்டு டிரைவும் வந்த பிறகு டிவிடி ஆமை வேகத்தில் நகர்ந்தால் இன்னொன்றையும் பாருங்கள். படிக்கும்போது பிழைகள் சேரச் சேர எக்ஸ்பி அந்தச் சேனலை, அதாவது அந்தக் கேபிளின் வழியை, டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும், தானாக மேலே ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் அதுவே புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏ போட்டுக்கொள்ளும்.

ஒரு டிரைவிலிருந்து நேராக இன்னொன்றுக்கு எழுத வேண்டாம். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் தரவை அனுப்ப முடியும். ஹார்ட் டிஸ்குக்கு முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வீட்டில் அப்படித்தான் எடுத்தோம். ஐந்து தட்டில் நான்கு முழுதாக வந்தன. நான்காவதில் பாட்டி நலங்குப் பாட்டுப் பாடும் இடம் வந்ததும், பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் இரண்டு டிரைவின் பின்பக்கத்தையும் கேபிளையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், எந்த ஜம்பரை எங்கே நகர்த்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.