ஆப்பிரிக்கக் கட்சிகளில் பெண்கள்: சீட் கொடுப்பது யார்?

ஆப்பிரிக்க அரசியல் கட்சிகளில் பெண்களின் இடம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மேடம், ருவாண்டா நாடாளுமன்றத்தில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாமே?

உண்மைதான். 2008-லேயே பாதியைத் தாண்டிவிட்டார்கள். உலகிலேயே முதல் நாடு அது. கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 2013-ல் 51 பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆனால் ஆளுங்கட்சியை எதிர்த்து நிற்கும் பெண்ணின் கதை வேறு. 2017 அதிபர் தேர்தலில் நிற்க முயன்ற டயான் ருவிகாராவின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அப்புறம் சிறை. அடுத்த ஆண்டுதான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ எனக்கு மனம் வருவதில்லை.

சட்டம் போட்டுவிட்டால் கட்சிகள் வழிக்கு வந்துவிடுமா?

மீறினால் கட்சிக்கு என்ன நஷ்டம் என்பதைப் பொறுத்தது. செனகல் 2010-ல் ஒரு சட்டம் போட்டது. வேட்பாளர் பட்டியலில் ஓர் ஆண், ஒரு பெண் என்று மாறி மாறி வர வேண்டும்; இல்லையென்றால் பட்டியலையே ஏற்க மாட்டார்கள். 2012 தேர்தலில் 150 பேரில் 64 பேர் பெண்கள். (புனித நகரமான தூபாவில் மட்டும் 2014 உள்ளாட்சித் தேர்தலுக்கு முழுக்க ஆண்கள் பட்டியலே போனது.)

கென்யாவும் அதே 2010-ல்தான் புது அரசியலமைப்பில் எழுதியது: தேர்ந்தெடுக்கப்படும் அவைகளில் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதை எப்படி நிறைவேற்றுவது என்ற சட்டத்தை நாடாளுமன்றம் இழுத்துக்கொண்டே போனது. 2020-ல் தலைமை நீதிபதி டேவிட் மராகா பொறுமையிழந்து, நாடாளுமன்றத்தையே கலைக்கும்படி அதிபருக்கு ஆலோசனை சொன்னார். கலைக்கவில்லை. 2022-ல் 290 தொகுதிகளில் 29-ல்தான் பெண்கள் ஜெயித்தார்கள். 47 கவுண்டிகளுக்கு (நம் மாவட்டங்கள் மாதிரி) தலா ஒரு பெண் உறுப்பினர் என்று தனி இடம் இருக்கிறதல்லவா? "அதில் போய் நில்லுங்களேன்" என்று தொகுதி கேட்கும் பெண்ணைத் திருப்பி அனுப்ப கட்சிக்காரர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

பணம்தானே பெரிய தடை?

பெரிய தடைதான், ஆனால் அது மட்டுமில்லை. நைஜீரியாவின் ஆளுங்கட்சி 2022-ல் அதிபர் வேட்பாளராக விரும்புவோரிடம் 10 கோடி நைரா கேட்டது. பெண்களுக்கு 7 கோடியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதி 3 கோடி விருப்ப மனுவுக்கு. அதையும் கட்டிவிட்டாலும் ஓட்டுப் போடப்போவது கட்சிப் பிரதிநிதிகள். 2011-ல் அப்போதைய ஆளுங்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் சாரா ஜிப்ரிலுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அந்த மண்டபத்தில் பெண் பிரதிநிதிகளும் இருந்தார்கள். ஆனால் பிரதிநிதிகளைக் கொண்டுவருவது மாநிலத் தலைவர்கள். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்வதும் அவர்களே.

மகளிர் அணி என்பதே பெண்களை ஓரங்கட்டத்தானே?

பல இடங்களில் கூட்டம் சேர்க்கவும் ஓட்டுக் கேட்கவும் மட்டும்தான் அது. தென்னாப்பிரிக்காவில் வேறு மாதிரி. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் மகளிர் அணி 1991 டர்பன் மாநாட்டில் செயற்குழுவில் 30 சதவீதம் கேட்டுத் தோற்றது. விடவில்லை. 1994 தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 2007-ல் பாதி என்று கட்சி விதியே மாறியது. தலைவர் பதவி மட்டும் இன்னும் எட்டவில்லை. 2017-ல் மகளிர் அணி ஆதரித்த என்கோசாசனா டிலாமினி ஜூமா 179 ஓட்டில் தோற்றார்.

நமீபியாவில் பெண் அதிபர் வந்துவிட்டாரே?

ஆமாம், நெடும்போ நந்தி என்டைட்வா, 2025 மார்ச்சில். இளம் வயதிலேயே, நாட்டு விடுதலைக்குப் போராடி பின்னர் ஆளுங்கட்சியான ஸ்வாப்போ இயக்கத்தில் சேர்ந்தவர், கட்சியின் துணைத் தலைவராகி அங்கிருந்து மேலே வந்தவர்.

முதலில் எதை மாற்ற வேண்டும் என்பீர்கள்?

கட்சிக்குப் போகும் அரசுப் பணத்தில் கை வைக்க வேண்டும். கென்யாவின் 2011 கட்சிகள் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது: நிர்வாகிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினத்தவர் என்றால் அரசு நிதி கிடையாது. அந்தப் பிடியை வேட்பாளர் பட்டியலுக்கும் நீட்டச் சொல்லித்தான் கேட்பேன்.