உச்சிகளையும் பள்ளங்களையும் இணைக்கும் கோடு: நிரல் எழுதுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

திருகோணமலையில் பங்குச்சந்தை பார்க்கிற எங்கள் வட்டத்தில் நிரல் எழுதத் தொடங்கியிருப்பவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். ஸ்விங் ஹை (விலை ஏறித் திரும்பிய உச்சி), ஸ்விங் லோ (இறங்கித் திரும்பிய பள்ளம்) இரண்டையும் தானாகக் கண்டுபிடித்து, அவற்றை இணைக்கும் ட்ரெண்ட் லைன் போடுகிற இன்டிகேட்டரை, அதாவது விலைச் சார்ட்டின் மேல் ஓடும் சிறு நிரலை, எப்படி எழுதுவது என்று அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் இடத்தையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன். பலர் பரீட்சித்துப் பார்ப்பது நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு நிறுவனங்களின் பங்குகளில்தான்: சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வைத்திருக்கும் லங்கா ஐஓசி, இங்கே ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து. கீழே கணக்குக் காட்டுவதற்கு நான் போடும் விலைகள் கற்பனை. அவற்றை வைத்து யாரும் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.

கோணேசபுரி, வளாக மாணவர்: அண்ணா, ஸ்விங் ஹை எது என்று சார்ட்டைப் பார்த்தால் விளங்குது. அதை நிரலுக்கு எப்படிச் சொல்றது?

தம்பி, சார்ட்டில் ஒரு நாளின் (அல்லது நீங்கள் தெரிவு செய்த வேறு காலத்துண்டின்) விலையைக் காட்டும் குச்சிதான் பார். அந்தக் காலத்தில் தொட்ட ஆக உயர்ந்த விலை அதன் ஹை. ஒரு பாரின் ஹை, அதற்கு இடப்பக்கம் உள்ள இத்தனை பார்களையும் வலப்பக்கம் உள்ள இத்தனை பார்களையும் விட உயரமாக இருந்தால் அது ஸ்விங் ஹை. அந்த இரண்டு எண்ணிக்கையையும் பயனாளர் மாற்றக்கூடியதாக வைக்க வேண்டும். வர்த்தகர் பில் வில்லியம்ஸின் ஃப்ராக்டல் என்று மெட்டாட்ரேடர் என்ற சார்ட் மென்பொருளில் வருவதும் இதேதான். இடம் 2, வலம் 2, நடுவில் ஒன்று, மொத்தம் 5 பார்.

சமமான விலைகளைக் கவனிக்க வேண்டும். அதிகம் கைமாறாத பங்குகளில் அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் ஒரே ஹை வரும். இரண்டு பக்கமும் 'பெரியது' என்று மட்டும் எழுதினால் அப்படிப்பட்ட உச்சி ஒன்றுமே பிடிபடாது. இரண்டு பக்கமும் 'பெரியது அல்லது சமம்' என்று எழுதினால் ஒரே உச்சி இரண்டு மூன்று முறை பதிவாகும். இடப்பக்கம் 'பெரியது அல்லது சமம்', வலப்பக்கம் 'பெரியது' என்று எழுதுங்கள். சமமானவற்றில் கடைசி மட்டும் நிற்கும்.

இனி, இந்த விசயத்தில் முக்கியமானது. வலப்பக்கம் 5 பார் கேட்டால், அந்த உச்சி உச்சிதான் என்று உங்களுக்குத் தெரிய வருவது 5 பார் கழித்துத்தான். கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்க்கிறவருக்கும் எந்த அலை உயர்ந்தது என்பது அடுத்த அலைகள் வந்து போன பிறகுதான் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஸ்விங் புள்ளிக்கும் மூன்று விபரம் சேமியுங்கள்: விலை, நிகழ்ந்த பார், உறுதியான பார். பெரும்பாலானோர் முதல் இரண்டை மட்டும் சேமிக்கிறார்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி மூன்றாவது இல்லாததால் வருபவை.

உப்புவெளி, விடுதி முகாமையாளர்: ட்ரேடிங்வியூ சார்ட் தளத்தின் பைன் ஸ்க்ரிப்ட் மொழியில், உச்சி தேடும் டிஏ.பிவட்ஹை கட்டளையைப் பாவிச்சேன். கோடு உச்சியில் இல்லாமல் நாலைந்து பார் வலப்பக்கம் தள்ளி விழுகுது. ஏன்?

மேலே சொன்னதன் நேரடி விளைவு. அந்தக் கட்டளை உச்சியின் விலையைத் திருப்பித் தருவது உறுதியாகும் பாரில். மற்றப் பார்களில் வெறுமை, அதாவது 'என்ஏ'. நீங்கள் கோட்டின் கிடை இடமாகப் பார்_இண்டெக்ஸை, அதாவது இப்போதைய பாரின் எண்ணை, கொடுத்திருப்பீர்கள். அதிலிருந்து ரைட்பார்ஸை, அதாவது வலப்பக்க எண்ணிக்கையை, கழித்துக் கொடுங்கள். கோடு உச்சியிலேயே போய் அமரும்.

ஆனால் கோட்டைத்தான் பின்னால் நகர்த்தலாம், சிக்னலை நகர்த்தக்கூடாது. 'கோடு உடைந்தது' என்ற அம்புக்குறியையும் அலேர்ட்டையும் உறுதியான பாருக்குப் பிறகுதான் கணக்கில் எடுக்க வேண்டும். அம்புக்குறியையும் ரைட்பார்ஸ் அளவு பின்னுக்குப் போட்டுவிட்டு, உச்சியிலேயே விற்கச் சொல்கிறது என்று படம் பிடித்துக் காட்டும் இன்டிகேட்டர்கள் நிறைய உலவுகின்றன. அந்த நாளில் அந்த அம்புக்குறி இருக்கவில்லை. அதை நம்பிக் காசு போடுகிறவரை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: தம்பி, நேர்கோட்டுச் சமன்பாடு எனக்குத் தெரியும். ஆனால் லொக் (மடக்கை) அளவில் சார்ட்டை வைத்தால், விலை கோட்டுக்குக் கீழே போயும் அலேர்ட் வரவில்லை. எங்கே பிழை?

சேர், உங்கள் சமன்பாடு சரி. இளையவர்களும் வாசிப்பதால் முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சரிவு = (விலை2 − விலை1) ÷ (பார்2 − பார்1)
கோட்டின் விலை = விலை2 + சரிவு × (இப்போதைய பார் − பார்2)

40ஆம் பாரில் உச்சி 128 ரூபாய், 65ஆம் பாரில் 123 ரூபாய் என்றால் 25 பாரில் 5 ரூபாய் இறக்கம். சரிவு −0.20. 80ஆம் பாரில் கோடு 120 ரூபாயில் இருக்கும்.

ட்ரேடிங்வியூவில் லொக் அளவு போட்டால், இரு புள்ளிகளுக்கு இடையே திரையில் தெரியும் நேர்கோடு விலையின் லொக்கில் நேர்கோடு. உங்கள் நிரல் இன்னும் சாதாரண விலையில் கணக்குப் பார்க்கிறது. 0ஆம் பாரில் பள்ளம் 100, 100ஆம் பாரில் பள்ளம் 200 என்று எடுங்கள். 200ஆம் பாரில் சாதாரணக் கணக்கு 300 என்கிறது. லொக் அளவில் 100 பாருக்கு ஒருமுறை கோடு இரட்டிப்பாவதால், திரையில் உள்ள கோடு 400இல் நிற்கிறது. விலை 390க்கு வந்தால் கண்ணுக்குக் கோடு உடைந்துவிட்டது, நிரலுக்கு இன்னும் 90 ரூபாய் இடைவெளி இருக்கிறது. இரண்டு விலைகளுக்கும் லொக் எடுத்துச் சரிவைக் கணித்து, வரும் விடையை அடுக்குக்குறிச் சார்பால் மீண்டும் விலையாக்குங்கள். 'லொக் அளவா?' என்று ஒரு தெரிவும் வையுங்கள், ஏனென்றால் திரையில் எந்த அளவு இருக்கிறது என்று பைன் நிரல் தானாக அறியாது.

கிண்ணியா, தொலைபேசிக் கடை: பழைய கோடுகள் காணாமற் போகுது, நானா. சார்ட்டின் இடப்பக்கம் வெறுமையா இருக்கு.

தம்பி, எண்ணிக்கை எல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் பைன் ஸ்க்ரிப்ட் கடைசி 50 கோடுகளை ஒட்டித்தான் வைத்திருக்கும். தலைப்பு வரியில் மேக்ஸ்_லைன்ஸ்_கவுண்ட் என்று 500 வரை கேட்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் உங்களுக்கு 500 கோடு எதற்கு? 'வார்' (பார் மாறினாலும் மதிப்பை அழியாமல் வைத்திருக்கும் கட்டளைச்சொல்) போட்டு மேல்கோடு ஒன்று, கீழ்கோடு ஒன்று வைத்துக்கொண்டு, புதுப் புள்ளி உறுதியானதும் அவற்றின் முனைகளை மாற்றுங்கள். சார்ட்டும் துப்புரவாக இருக்கும்.

லிங்கநகர், கணக்காளர்: கடைசி இரண்டு உச்சியை இணைத்தால் கோடு நாளாந்தம் மாறிக்கொண்டே இருக்குது. கையால் போடும் கோடு போல ஏன் வரவில்லை?

அக்கா, நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கையால் போடும்போது கண் கடைசி இரண்டை எடுப்பதில்லை. பல சோடிகளைப் பார்த்து, நடுவில் விலையை வெட்டாத, அதிக இடத்தில் தொடுகிற கோட்டைத் தெரிவு செய்கிறது. அதையே நிரலாக்க வேண்டும்.

கடைசி 10 உறுதியான உச்சிகளை ஓர் அரேயில் (வரிசைப் பட்டியலில்) வையுங்கள். அவற்றில் சோடிகள் 45 வரும். கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல. இறங்கு கோடு என்றால் பின்னைய உச்சி முன்னையதை விடத் தாழ்வாக உள்ள சோடிகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும், முதல் புள்ளியிலிருந்து இன்றுவரை எந்தப் பாராவது கோட்டுக்கு மேலே முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் தள்ளிவிடுங்கள். முன்னைய உதாரணத்தில் 50ஆம் பாரில் கோடு 126 ரூபாய். அன்றைய க்ளோஸ் (முடிவு விலை) 126.50 என்றால் அந்தச் சோடி போச்சு. திரி (பாரில் முடிவு விலைக்கு மேலே நீண்டு தெரியும் மெல்லிய கோடு) மட்டும் 126.50 வரை போய், க்ளோஸ் 125 என்றால் நான் விட்டுவிடுவேன். க்ளோஸைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் தெரிவு. திரியையும் கணக்கிடுகிறவர்கள் உண்டு. எதை எடுத்தாலும் நிரல் முழுக்க அதையே பாவியுங்கள். கோட்டைப் போடத் திரி, உடைக்க க்ளோஸ் என்று கலந்தால் பிறகு எந்தக் கோடு ஏன் நிற்கிறது என்று உங்களுக்கே விளங்காது.

மிஞ்சிய சோடிகளுக்கு மார்க்ஸ் போடுங்கள். கோட்டை எத்தனை உச்சிகள் தொடுகின்றன என்பதே முதல் அளவு. சமமாக வந்தால் நீளமான கோடு. 'தொடுகிறது' என்பதற்கு ரூபாய்க் கணக்கில் நிலையான தூரம் வைக்கக்கூடாது. 20 ரூபாய்ப் பங்குக்கும் 200 ரூபாய்ப் பங்குக்கும் 50 சதம் ஒன்றல்லவே. வெல்ஸ் வைல்டர் 1978இல் அறிமுகம் செய்த ஏடிஆர் (ஒரு பாரில் விலை சராசரியாக எவ்வளவு அசைகிறது என்ற அளவு) இதற்குச் சரியாகப் பொருந்தும். 14 பார் ஏடிஆரின் கால் பங்குக்குள் வந்தால் தொட்டது என்று வைத்துத் தொடங்குங்கள், பிறகு உங்கள் பங்குக்கேற்ப மாற்றுங்கள்.

கோடு உடைந்த பின் அதை அழிக்காதீர்கள். உடைந்த பாரோடு அதை நிறுத்தி, நிறத்தை மங்கலாக்கி விடுங்கள். எத்தனை கோடுகள் தாக்குப்பிடித்தன, எத்தனை உடைந்தன என்ற பதிவு சார்ட்டிலேயே இருக்கும். உடைந்தவற்றை அழித்துவிட்டு நின்றவற்றை மட்டும் காட்டினால் எல்லாக் கோடும் வேலை செய்ததுபோலத் தெரியும்.

நிலாவெளி, சுற்றுலாப் படகு நடத்துபவர்: மெட்டாட்ரேடர் 5இல் தங்கம் பார்க்கிறேன். இன்டிகேட்டரைப் போட்டதும் லப்டொப் இறுகிப்போகுது.

ஒவ்வொரு டிக் (விலை மாற்றம்) வரும்போதும் இன்டிகேட்டரின் ஆன்கால்குலேட் பகுதி ஓடுகிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் முழு வரலாற்றையும் பூச்சியத்திலிருந்து தேடுகிறீர்கள். சென்ற முறை எத்தனை பார் கணக்கிட்டாயிற்று என்று பிரீவ்_கால்குலேட்டட் சொல்லும். அந்த இடத்திலிருந்து தொடங்கி, வலப்பக்க எண்ணிக்கையளவு மட்டும் பின்னால் போய்ப் பாருங்கள். ஸ்விங் தேடலைப் புதிய பார் திறக்கும்போது ஒருமுறை செய்தால் போதும்.

கோட்டுப் பொருள்களின் பெயருக்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு முன்னொட்டு வையுங்கள். இன்டிகேட்டரை எடுக்கும்போது ஓடும் ஆன்டீஇனிட்டில் அந்த முன்னொட்டு உள்ளவற்றை மட்டும் அழியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கையால் போட்ட கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

கூடவே கேட்டிருந்தீர்கள், ஸிக்ஸாக்கையே (உச்சியையும் பள்ளத்தையும் மாறி மாறி இணைக்கும் தயார் இன்டிகேட்டர்) எடுத்து இணைத்தால் என்ன என்று. அதன் கடைசிக் கோட்டுத் துண்டு உறுதியானதல்ல. விலை இன்னும் உயர்ந்தால் உச்சி புதிய இடத்துக்குப் போய்விடும், பழைய இடம் தடயமின்றி அழியும். பழைய வரலாற்றை விளக்க அது நல்லது. அலேர்ட்டுக்கு வேண்டாம்.

நகரம், வங்கி ஊழியர்: கொழும்புச் சந்தை மூடிக் கிடந்த நாட்களை என்ன செய்வது? பார் எண்ணிக்கையா, நாட்காட்டியா?

பார் எண்ணிக்கை. போயா (பௌர்ணமி) விடுமுறைகளும் சனி ஞாயிறும் சரிவைக் கோணலாக்காமல் இருக்க அதுதான் வழி. ஆனால் நீண்ட மூடல்களைத் தனியாகப் பாருங்கள். 2020 மார்ச் பிற்பகுதியில் மூடப்பட்ட சந்தை மே 11இல்தான் மீண்டும் திறந்தது. 2022இல் ஏப்ரல் 18 தொடக்கம் ஐந்து வேலைநாட்கள் மூடப்பட்டது. நாட்காட்டியில் கணக்கிட்டால், யாருமே விற்காத வாங்காத ஏழு வாரமும் கோடு இறங்கிக்கொண்டே போகும். பார் எண்ணிக்கையில் கணக்கிட்டால் இரண்டு வெவ்வேறு உலகங்கள் அடுத்தடுத்த பார்களாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு பார்களுக்கு இடையே 14 நாட்காட்டி நாளுக்கு மேல் இடைவெளி வந்தால் அரேயை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்கு என்று ஒரு நிபந்தனை போடுவதே என் வழி.

இதையே நீட்டி இன்னொன்று. அதிகம் கைமாறாத பங்குக்குச் சில நாள் பாரே இருக்காது. அங்கே '20 பார்' என்றால் 20 வர்த்தக நாள் என்று எண்ண வேண்டாம்.

மூதூர், பாடசாலை ஆசிரியை: இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் எத்தனை வைப்பது?

டீச்சர், இரண்டும் ஒரே எண்ணாக இருக்கத் தேவையில்லை. இடப்பக்கத்தைக் கூட்டினால் சில்லறை உச்சிகள் குறையும், தாமதம் அதிகரிக்காது. வலப்பக்கத்தைக் கூட்டினால் ஒவ்வொரு பாரும் தாமதம். நாள் சார்ட்டில் 5 என்றால் ஒரு முழு வர்த்தக வாரம். இடம் 10, வலம் 3 என்று தொடங்கிப் பாருங்கள்.

கோணேசபுரி, வளாக மாணவி: பைதனில் பழைய விலைகளை வைத்துப் பரீட்சித்தால் பெறுபேறு நம்பமுடியாத அளவு நல்லா இருக்குது அண்ணா. சரியாகத்தான் செய்தேனா?

தங்கச்சி, பாண்டாஸ் நூலகத்தின் ரோலிங்கில் (நகரும் சாளரக் கட்டளை) 'சென்டர்' ஐ ட்ரூ என்று வைத்திருப்பீர்கள், அல்லது சைபை நூலகத்தின் உச்சி தேடும் ஆர்க்ரெல்எக்ஸ்ட்ரீமாவைப் பாவித்திருப்பீர்கள். இரண்டுமே நாளைய விலையைப் பார்த்துத்தான் இன்றைய உச்சியைச் சொல்கின்றன. 11 பார் சாளரத்தை நடுவில் வைத்தால், விடையை 5 வரிசை கீழே 'ஷிப்ட்' செய்த பிறகே வர்த்தக விதிக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்ததும் பெறுபேறு இறங்கும். இறங்கிய அந்த எண்ணைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

நிரல் எதுவானாலும் ஒரு சோதனை போதும். தரவின் முதல் 500 பாரை மட்டும் கொடுத்து ஓட்டி, ஒவ்வொரு பாரிலும் அப்போது நின்ற கோட்டின் விலையையும் சிக்னலையும் கோப்பில் எழுதுங்கள். பிறகு 600 பார் கொடுத்து அதேபோல் எழுதுங்கள். இரண்டு கோப்பிலும் முதல் 500 வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வரிசை வேறுபட்டாலும் எங்கோ வருங்காலம் கசிகிறது. வேறுபட்ட முதல் வரிசையின் பார் எண்ணையும், அதற்கு அண்மையில் உள்ள உச்சியின் உறுதியான பார் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வலப்பக்க எண்ணிக்கைக்குள் இருக்கும், பிழையான வரியும் அங்கேயே அகப்படும்.